வெளியேற எத்தனை மணித்தியாலம்

எனக்கு அந்த வேலை கிடைத்தது மூன்று மொழி தெரியும் என்பதால். தமிழ் வீட்டில் பேசுவது. சிங்களம், சிலாபத்தில் ஒரு மருந்துக்கடையில் ஐந்து வருடம் நின்றபோது வந்தது. ஆங்கிலம் அரைகுறைதான், யாராவது மெதுவாகப் பேசினால் விளங்கிவிடும். கணவர் முதுகில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, லொறி ஓட்ட முடியாமல் வீட்டில் இருந்த காலம் அது. கல்பிட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுத ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். என்ன ஆய்வு என்று நான் கேட்கவில்லை. என்றைக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

புத்தளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் ஆளுக்கொரு டெப், பலகை போன்ற சின்னக் கணினி, கொடுத்து அதை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று சொல்லித் தந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ் எங்களுக்குப் பொறுப்பு. முப்பது வயதுகூட இருக்காது. சிங்களப் பிள்ளை, நாங்கள் சாப்பிட்ட பிறகுதான் தான் சாப்பிடுவாள். இரண்டாம் நாள் ஒரு வெளிநாட்டு இஞ்சினியர் வந்து, சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். கடல் ஓரத்தில் வெள்ளை நிறத்தில் பெரிய குமிழ் போல ஒரு கட்டடம். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. இலங்கையில் அணுமின் நிலையம் கட்டத் தோதான இடங்களைப் பார்க்கிறார்கள். பார்க்கிற இடங்களில் எங்கள் கரையும் ஒன்று.

அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்ட நிலையங்களிலேயே வேலை செய்தவர். சின்னக் குரல். பொறுமையாகச் சொன்னார். அடியில் உறுதியான பாறை வேண்டும், அதற்காகத்தான் முதலில் ஆழத் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்ப்பது. அத்திவாரத்துக்குக் கொங்கிரீட் ஊற்றத் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். உள்ளே எரிபொருள் தண்ணீரைச் சூடாக்கும், அந்தச் சூட்டில் எழும் நீராவி சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் கரண்ட் தரும். நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கக் கடல்நீரை இழுத்து, கொஞ்சம் சூடாகத் திருப்பி விடுவார்கள். எரிந்து முடிந்த எரிபொருளை உடனே வெளியே கொண்டுபோக முடியாது, வருடக்கணக்காகத் தண்ணீர்த் தொட்டியில் வைத்திருக்க வேண்டும். அறுபது வருடம் ஓடும். பிறகு அதைப் பிரித்து எடுப்பதற்கே ஒரு தலைமுறைக் காலம் போகும்.

மிஸ் என்னைப் பார்த்து, "இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டாள். "அணு உலை" என்றேன். அவள் அந்தச் சொல்லைத் தன் கொப்பியில் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

பிறகு வரைபடத்தை விரித்தார்கள். கடலோரம் ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஒன்றை ஒன்று சூழ்ந்த வட்டங்கள். உள் வட்டத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது. அடுத்த வட்டத்தில் இருப்பவர்களை, ஏதாவது நடந்தால் விரைவாக வெளியேற்ற முடிய வேண்டும். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். உள் வட்டத்தின் விளிம்பில் இருந்தது நான் வளர்ந்த முகாம். முகாம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. கல்வீடுகள் வந்துவிட்டன, பள்ளிவாசல் இருக்கிறது, பஸ் வருகிறது. நான் கலியாணம் முடித்துப் பாலாவிப் பக்கம் போகும்வரை என் வீடு அங்கேதான் இருந்தது.

கேள்விப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கேள்வி இருந்தது. "திடீரென வெளியேற நேர்ந்தால், உங்கள் குடும்பம் ஆயத்தமாக எத்தனை மணித்தியாலம் தேவை?"

நான் கையை உயர்த்தினேன். "மிஸ், இதைக் கேட்கத்தான் வேண்டுமா?"

"எல்லா நாட்டிலும் கேட்கிற கேள்வி இது. ஒருநாளும் தேவைப்படாது. ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்."

"எங்கள் ஆட்கள் ஒருதரம் வெளியேறினவர்கள்."

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. தொண்ணூறில் அவள் பிறந்திருக்கவே மாட்டாள். நான் விளக்கவும் இல்லை. மதியச் சாப்பாடு வந்துவிட்டது.

தொண்ணூறில் எனக்கு ஒன்பது வயது. மன்னார் தீவிலிருந்து முஸ்லிம்களான எங்களை எல்லாம் புலிகள் போகச் சொன்னார்கள். கரையில் மழைக்குள் காத்திருந்து, வள்ளம் ஏறிக் கல்பிட்டிக்கு வந்தோம். எங்கள் வள்ளத்தில் பக்கத்து வீட்டுக் குடும்பமும் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணை நான் சாச்சி என்று கூப்பிடுவேன், சொந்தமில்லை, பழக்கம்தான். அவருக்கு நான்கு மாதப் பெண் குழந்தை. வழியில் குழந்தைக்குக் காய்ச்சல். கரை தெரிவதற்கு வெகு முன்பே அது மௌத்தாகிவிட்டது. சாச்சி யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கடலில் விடச் சொல்வார்களோ என்று பயந்து, சேலைக்குள் வைத்துக்கொண்டு பால் கொடுப்பதுபோல இருந்தார். உம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. உம்மா அதைப் பல வருடம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

நாங்கள் இறங்கிய கரையில் ஊர் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று எங்களைத் தூக்கி இறக்கினார்கள். ஒரு பெண் தன் வீட்டிலிருந்து புதிய வெள்ளைத் துணி கொண்டுவந்து கொடுத்தார். அதில் குழந்தையைக் கபனிட்டு, கடலுக்குப் பின்னால் மணல் மேட்டில் இருந்த சின்ன மையவாடியில் அடக்கினார்கள். பிறகு நல்ல தண்ணீர் உள்ள முகாம்களுக்குப் போக வழி வந்தபோதும் சாச்சி அசையவில்லை. மையவாடிக்குப் பக்கத்திலேயே கொட்டில் போட்டார். கொட்டில் வீடானது. ஒரு மகன் பிறந்து வளர்ந்தான். புருஷன் போய்ச் சேர்ந்தார். மகன் புத்தளம் டவுனில் கடை வைத்து அங்கேயே குடியிருந்தான். சாச்சி மட்டும் தனியாக, கருவாட்டு வாடிக்கு மீன் வெட்டி உப்புப் போடும் வேலை செய்துகொண்டு இருந்தார்.

எனக்குக் கொடுத்த வீடுகளின் பட்டியலில் அவர் வீடும் இருந்தது. முதல் நாட்களில் நான் அதைத் தள்ளிக்கொண்டே போனேன். மற்ற வீடுகளில் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டில், அடுக்கி வைத்த கதிரைகளை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி தந்து, மகனுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள். வன்னியிலிருந்து போர்க்காலத்தில் வந்து குடியேறிய ஒரு மீனவர் என்னிடமே திருப்பிக் கேட்டார். "பிள்ளை, எங்க போறது எண்டு முதல்ல சொல்லுங்கோ. அதைப் பொறுத்துத்தானே நேரம்?" என்றார். டெப்பில் அதற்கு இடமில்லை. நான் "மூன்று" என்று போட்டேன்.

சாச்சி வீட்டுக்குப் போனபோது அவர் முற்றத்தில் மீன் கீறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியை வைக்காமலே, "வா மகள், இரி. என்ன புதினமா ஒரு பலகையத் தூக்கிட்டு வாற?" என்றார்.

சொன்னேன்.

"அணு உலையா? சோத்து உலைதான் எனக்குத் தெரியும்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கேள்விகளைத் தொடங்கினேன். வீட்டில் எத்தனை பேர்? ஒருவர். வாகனம்? இல்லை. வருத்தம்? பிரஷர், சீனி. தண்ணீர் எங்கிருந்து? எல்லாவற்றுக்கும் அவர் மீனைப் பார்த்தபடியே பதில் சொன்னார். கடைசிக் கேள்விக்கு வந்தபோது என் குரல் தானாகத் தாழ்ந்தது.

அவர் கத்தியை மணலில் குத்தி வைத்தார். "இத யார் கேக்கச் சொன்ன?"

"எல்லா வீட்டுலயும் கேக்குற கேள்வி சாச்சி."

"எங்கட வீட்டுக்கு இப்பிடி எழுதிக்க. இந்த வீட்டுக்காரி போகமாட்டாள்."

"அப்பிடி எழுத ஏலாது. நம்பர்தான் போடணும்."

"அப்ப நம்பர் போடாத."

நம்பர் போடாவிட்டால் அடுத்த பக்கம் வராது. பூச்சியம் போட்டாலும் ஏற்காது. நான் எழுந்து, கடல் பக்கம் திரும்பி நின்று, "ஒன்று" என்று போட்டு அனுப்பினேன். தனியாக இருக்கும் ஒரு பெண், வாகனம் இல்லை, இரண்டு வருத்தம், ஒரு மணித்தியாலத்தில் ஆயத்தமாகிவிடுவாள். கொழும்பில் யாரோ அதைக் கூட்டிக் கழித்திருப்பார்கள்.

ஊர்க் கூட்டம் அடுத்த கிழமை பாடசாலை மண்டபத்தில். இஞ்சினியரும் மிஸ்ஸும் வந்தார்கள். மொழிபெயர்க்க என்னை மேடையில் நிற்க வைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வாசல்வரை ஆட்கள். தொடக்கத்தில் நன்றாகத்தான் போனது. சூடான தண்ணீரைக் கடலில் விட்டால் மீன் போய்விடுமா என்று கேட்டார்கள். இஞ்சினியர், விடுகிற இடத்தில் மாற்றம் வரும், எவ்வளவு என்று அளந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார். நான் அப்படியே சொன்னேன். கரண்ட் பில் குறையுமா என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சாச்சி எழுந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார். "எங்கட மையவாடி அந்த வட்டத்துக்குள்ளயா இருக்கி?"

நான் மொழிபெயர்த்தேன். இஞ்சினியர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மறைக்காமல் பதில் சொன்னார். ஆம், உள்ளே வருகிறது. ஆனால் இந்த இடம் தெரிவாகுமா என்பதே தெரியாது, அதற்கு வருடங்கள் ஆகும். தெரிவானாலும் நட்டஈடு தராமல், சம்மதம் வாங்காமல் யாரையும் இடத்தைவிட்டு எழுப்பமாட்டார்கள். அடக்கத்தலங்களைக் குடும்பங்கள் சம்மதித்தால் மரியாதையோடு தோண்டி எடுத்து வேறிடத்தில் வைக்கலாம், மற்ற நாடுகளில் அப்படிச் செய்திருக்கிறோம் என்றார்.

தோண்டி எடுத்து என்ற இடத்தில் நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். சாச்சி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல என்னால் முடியவில்லை. "அதைப் பற்றி இப்ப ஒண்டும் சொல்ல ஏலாதாம். பிறகு வந்து கதைப்பாங்களாம்" என்றேன்.

இஞ்சினியர் அவ்வளவு நீளமாகப் பேசியதை நான் ஒரு வரியில் முடித்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே இப்படி ஒரு நிலையம் கட்டியபோது கம்பி கட்டும் வேலை செய்தவர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"தங்கச்சி, ஏன் பொய் சொல்றீங்க? கபுறுகளத் தோண்டி வேற இடத்துக்குக் கொண்டு போவம் எண்டுதானே அந்தாள் சொன்ன? எனக்கு இங்கிலீஷ் தெரியும்."

அவர் ஊர்க்காரர்களைப் பார்த்துத் திரும்பினார். "நான் கம்பி கட்டின ஆள். ஒரு சுவருக்குள்ள கை நுழையாது, அவ்வளவு கம்பி. அந்தச் சுவர் நான் நீட்டிப் படுத்தாலும் எட்டாத அகலம். அவ்வளவு பயந்து கட்டுறாங்க. எதுக்குப் பயந்து கட்டுறாங்க எண்டு இந்தத் தங்கச்சிய ஒருக்காக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்க."

அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சம்மதம் இல்லாமல் செய்யமாட்டார்கள், நட்டஈடு உண்டு, இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை என்று இஞ்சினியர் சொன்ன மீதியை எல்லாம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களும் நம்பவில்லை. முதலில் ஒன்றை மறைத்தவள் பிறகு சொல்வதை யார் நம்புவார்கள்? கதிரைகள் விழுந்தன. மிஸ் என் கையைப் பிடித்து, "என்ன சொன்னீர்கள், என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் தேடிப் பார்த்தபோது சாச்சி போயிருந்தார்.

நான் வேலையை விடவில்லை. விட்டிருக்கலாம். வீட்டில் மருந்து வாங்க வேண்டியிருந்தது. அது ஒரு காரணம். இன்னொன்று, விட்டுவிட்டால் நான் செய்தது பிழை என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகும் என்று நினைத்தேன்.

மழைக்கு முன் துளையிடும் இயந்திரம் வந்தது. மையவாடி வேலிக்கு வெளியே, ஆனால் வெகு தூரத்தில் அல்ல, அதை நிறுத்தினார்கள். காலையிலிருந்து மாலைவரை நிலம் அதிரும் சத்தம். குழாய்க்குள் வரும் மண்ணை நீளமாக எடுத்து, மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு பெட்டியிலும் ஆழத்தை எழுதி வைப்பார்கள். சாச்சி தினமும் வந்து ஒரு முள்மரத்தடியில் உட்கார்ந்தார். வேலைக்காரர்களுக்கு அது தொந்தரவாக இருந்தது. வந்து அவரை எழுப்பிக் கொண்டுபோகச் சொல்லி மிஸ் எனக்குப் போன் செய்தாள்.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டத்துக்குப் பிறகு அன்றுதான் நேரே பார்க்கிறேன்.

"சாச்சி, வெயிலுக்க இரிந்தா பிரஷர் கூடும்."

அவர் மரப்பெட்டிகளைக் காட்டினார். "அதுக்குள்ள என்ன இருக்கி?"

"மண்தான்."

"நீ பாத்தியா?"

நான் பார்த்திருக்கவில்லை.

"மணல் எல்லாம் நகருது மகள். முப்பது வருஷமா நகருது. வேலிக்கு உள்ள எது, வெளிய எது எண்டு யாருக்குத் தெரியும்? அண்டைக்குத் தலைமாட்டுல வச்ச மீசான் பலகையும் இல்ல. இந்த மரத்துலரிந்து பதினெட்டு அடி எண்டு நான்தான் ஞாபகம் வச்சிருக்கன். எனக்குப் பிழைச்சிருந்தா?"

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இயந்திரக்காரர் அனுராதபுரப் பக்கத்துச் சிங்களவர், ஐம்பது வயது இருக்கும். அவரிடம் போய், அந்த அம்மா பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு, தானே ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி வந்து முள்மரத்தடியில் வரிசையாக வைத்து மூடிகளைத் திறந்தார்.

சாச்சி முழங்காலில் இருந்து, முதல் பெட்டியிலிருந்து தொடங்கினார். மேல்மணல், வெள்ளை. அதைக் கையால் நொறுக்கிப் பார்த்தார். அடுத்தது சிப்பி கலந்த மணல். ஒவ்வொரு வெள்ளைத் துண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன?" என்று என்னிடம் நீட்டுவார். நான் சிங்களத்தில் கேட்பேன். இயந்திரக்காரர், "சிப்பி, அம்மா" என்பார். அடுத்ததற்கும், "இதுவும் சிப்பி." ஒரு துண்டை மட்டும் அவரும் வாங்கி, விரலால் தேய்த்து, நுனியைக் கடித்துப் பார்த்து, "சுண்ணாம்புக் கல்" என்றார். கடைசிப் பெட்டிகளில் சாம்பல் நிறக் களி, அதற்கடியில் கல். சாச்சி அதையும் விடவில்லை. அவ்வளவு ஆழத்தில் எதுவும் இருக்காது என்று எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

நொறுக்கிய மண் ஆய்வுக்கு ஆகாது. அந்தத் துளையைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. அதற்காக இயந்திரக்காரருக்கு ஏச்சு விழுந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று அவரே போத்தலை எடுத்து, சாச்சி கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

இதற்கிடையில் ஊருக்குள் தரகர்கள் வந்துவிட்டார்கள். அரசாங்கம் எப்படியும் எடுக்கும், எடுத்தால் ஒன்றும் தராது, உங்களிடம் முறையான காணி உறுதி இல்லை, இப்போதே விற்றால் கொஞ்சமாவது மிஞ்சும் என்று சொன்னார்கள். மேடையில் நான் நின்ற நிலையைப் பார்த்தவர்களுக்கு அது உண்மையாகத்தான் தோன்றியது. முதலில் சாலையோரத்து வீடுகள் போயின. பிறகு பள்ளிவாசலுக்குப் பின்பக்கம். லொறியில் அலுமாரிகளையும் கட்டில்களையும் ஏற்றிக்கொண்டு போவதை நானே பார்த்தேன். எத்தனை மணித்தியாலம் தேவை என்று நான் கேட்ட வீடுகள் அவை. யாரும் துரத்தவில்லை. தாங்களாகவே போனார்கள்.

சாச்சியின் மகன் வந்து, காணியை விற்று, உம்மாவை டவுனுக்குக் கூட்டிப் போனான். அவர் மறுத்துச் சண்டை பிடித்ததாக எதுவும் நான் கேள்விப்படவில்லை. மீன் வெட்டும் பலகையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லையாம்.

அடுத்த வருடம் ஒரு நாள் மிஸ் போன் செய்தாள். எங்கள் கரையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அடியில் உள்ள கல் சரியில்லை. வேறு இடங்களைப் பார்க்கிறார்கள். "உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றாள். நல்ல பிள்ளை.

அன்று பின்னேரமே பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். சாச்சி ஒரு கடைக்கு மேல் மாடியில் சின்ன அறையில் இருந்தார். யன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். படி இறங்க முழங்கால் விடுவதில்லை என்பதால் வெளியே போவதும் இல்லை. ஆள் பாதியாகியிருந்தார். மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"சாச்சி, அது வராதாம். எங்கட பக்கம் வேணாமெண்டுட்டாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. தெரியாததைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். "அப்ப எங்கள என்னத்துக்கு எழுப்பின?"

நாங்கள் எழுப்பவில்லை, நீங்களாகத்தான் போனீர்கள் என்று சொல்லலாம். தரகர்களைச் சொல்லலாம். மகனைச் சொல்லலாம். தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை படியும்வரை இருந்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை போனபோது அவரே கூப்பிட்டு, "ஒருக்கா என்னக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார்.

அடுத்த வெள்ளி கழித்து ஒரு முச்சக்கர வண்டி பிடித்து இருவரும் போனோம். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. வாங்கியவர் இடித்துவிட்டு, மையவாடிக்குப் போகும் பாதையையும் சேர்த்துக் கொங்கிரீட் தூண் நட்டுக் கம்பி அடித்திருந்தார். கடற்கரை வழியாகச் சுற்றி, மணலில் அவரைத் தாங்கித் தாங்கி நடத்தினேன். பல இடத்தில் உட்கார்ந்தோம். மேட்டின் மேல் ஏறியதும் அவர் நின்றுவிட்டார். வேலி போட வந்தவர்கள் முள்மரங்களை வெட்டித் துப்புரவாக்கியிருந்தார்கள். வேர்க்கட்டைகூடத் தெரியவில்லை. பருவக்காற்று மணலை ஒரு பக்கமாகக் குவித்திருந்தது.

சாச்சி அங்குமிங்கும் நடந்தார். ஓரிடத்தில் நின்று அடி எண்ணத் தொடங்குவார், பாதியில் விட்டுவிட்டு வேறிடத்தில் தொடங்குவார். "இதுலரிந்து எண்ணணும்... இல்ல, இது இல்ல..." நான் பின்னாலேயே போனேன். கடைசியில் ஓரிடத்தில் நின்று, கை ஏந்தி எல்லோருக்குமாகத் துஆ ஓதினார்.

அந்த மழைக்காலத்திலேயே அவர் மௌத்தானார். கல்பிட்டிப் பாதையில் வெள்ளம். மையவாடிக்குக் கொண்டுபோக முடியாது, ஜனாஸாவை வைத்திருக்கவும் கூடாது. டவுனிலேயே அடக்கினார்கள். குளிப்பாட்ட வந்த பெண்களோடு நானும் நின்றேன். யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. விரல்களில் கத்தி பட்ட பழைய வெட்டுகள் இருந்தன. அவற்றின் மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன்.

அடக்கிவிட்டு வந்த பிறகு மகன் வெளியே கதிரையில் தனியாக இருந்தான். நான் விடைபெறப் போனேன். அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"ராத்தா, அண்டைக்கு அந்த வெள்ளக்காரன் சொன்னத அப்பிடியே சொல்லியிருந்தா, நான் காணிய வித்திருக்க மாட்டன்."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. எப்படிச் சொல்லியிருந்தாலும் ஊர் பயந்திருக்கும் என்று என் கணவர் சொல்கிறார். இருக்கலாம். அவனும் தான் விற்றதற்கு ஒரு காரணம் தேடியிருக்கலாம். ஆனால் அன்று நான் அவனிடம் எதையும் மறுக்கவில்லை. "ஓம் தம்பி" என்றேன்.

அவன் மனைவி ஒரு குடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மழை விடவில்லை. நான் அதை விரித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.